டெல்லியில் நம் பதினெட்டுப் பேர்



2025 ஜூன் மாதம் ஒரு நாள் காலை. ஹாஸ்டல் மெஸ்ஸில் பேப்பர் புரட்டிக் கொண்டிருந்தோம். தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்கு ஆறு பேர் போட்டியின்றித் தேர்வு என்று செய்தி. எதிரே உட்கார்ந்திருந்த எலக்ட்ரிக்கல் நண்பன் பொங்கல் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்: "ஓட்டே போடாம எம்.பி.யா? அப்ப நமக்கு இதுல என்னடா வேலை?"

நம் பேரவைத் தேர்தலைச் சொல்லித்தான் அவனுக்கு விளக்கினேன். பேரவைத் தலைவரை நாம் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை. வகுப்புப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தோம். அந்தப் பிரதிநிதிகள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதேபோல நாம் போடும் ஓட்டு எம்.எல்.ஏ.வுக்கு. எம்.எல்.ஏ. போடும் ஓட்டு மாநிலங்களவை உறுப்பினருக்கு. ஆகவே நம் வேலை முதல் படியிலேயே முடிந்து விடுகிறது என்றேன்.

அவன் விடவில்லை. "சரி, பதவிக்காலம் ஜூலை 24-ல முடியுதுன்னு போட்டிருக்கான். 2022-ல ஜூன் 29-னு போட்டான். 2020-ல ஏப்ரல் 2. நம்ம செமஸ்டர் டைம்டேபிள் கூட இதைவிட ஒழுங்கா இருக்கும். ஏன் இப்படி?"

எனக்கு விடை தெரியவில்லை. "அது அப்படித்தான்" என்று சொல்லித் தப்பித்தேன். பிறகு நூலகத்தில் உட்கார்ந்து தேடியபோது, அந்த மூன்று தேதிகளுக்குள்ளும் நம் மாநிலத்தின் சரித்திரம் ஒளிந்திருப்பது தெரிந்தது. மலர்க்குழு கட்டுரை கேட்டவுடன் இதையே எழுதுவதென்று முடிவு செய்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்து விடுகிறேன். "மேலவை" என்று நம் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் சென்னையில் இருந்த சட்ட மேலவையை. அது 1986-ல் ஒழிக்கப்பட்டது. நான் பேசப் போவது டெல்லியில் உள்ள மாநிலங்களவையை, அதாவது ராஜ்யசபாவை. 1952 ஏப்ரல் 3-ல் அமைக்கப்பட்டு, மே 13-ல் முதன்முதலாகக் கூடியது. தலைமை வகித்தவர் டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். இன்று அதன் இடங்கள் 245. அதில் 12 பேர் ஜனாதிபதியால் நியமிக்கப்படுகிறவர்கள், 233 பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். நம் பங்கு 18.

பதினெட்டு எப்படி வந்தது?

அமெரிக்க செனட்டில் சின்ன மாநிலம், பெரிய மாநிலம் என்ற பேச்சே இல்லை. எல்லோருக்கும் இரண்டு இடம். நம் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் அப்படிச் செய்யவில்லை, முழுக்க மக்கள்தொகைப்படியும் செய்யவில்லை. இடையில் ஒரு வழி பிடித்தார்கள். முதல் 50 லட்சம் மக்கள் வரை பத்து லட்சத்துக்கு ஒரு இடம். அதற்கு மேல் இருபது லட்சத்துக்கு ஒரு இடம். கிராஃப் போட்டால் 50 லட்சத்தில் கோட்டின் சாய்வு பாதியாகி விடும். பெரிய மாநிலம் பெரிதாகவே இருக்கும். ஆனால் சின்னதை விழுங்கி விடாது.

இதனால் நமக்கு லாபமா, நஷ்டமா? கால்குலேட்டரை எடுத்தேன். மக்களவையில் 543-ல் நமக்கு 39, அதாவது 7.2 சதவீதம். மாநிலங்களவையில் 233-ல் 18, அதாவது 7.7 சதவீதம். உத்தரப் பிரதேசத்துக்கு அங்கே 80, இங்கே 31. கிட்டத்தட்ட 14.7 சதவீதம் 13.3 ஆகக் குறைகிறது. சிக்கிமுக்கும் கோவாவுக்கும் ஆளுக்கு ஒன்று. நமக்குக் கொஞ்சம் லாபம் தான்.

1952-ல் சென்னை மாநிலத்துக்கு 27 இடங்கள். ஸ்ரீகாகுளத்திலிருந்து திருநெல்வேலி வரை, மலபாரையும் தென் கன்னடத்தையும் சேர்த்துக் கொண்டு கிடந்த மாநிலம் அது. 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1-ல் மலபாரும் தென் கன்னடமும் போயின. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்தன. எல்லாம் முடிந்தபோது நம் கணக்கில் நின்றது 17.

பதினேழா? பதினெட்டு என்றல்லவா சொன்னேன்! விஷயம் அங்கே தான் இருக்கிறது.

மேலே சொன்ன சூத்திரத்தில் 3 கோடி என்று போட்டுப் பாருங்கள். முதல் 50 லட்சத்துக்கு 5. மீதி 2 கோடியே 50 லட்சத்தை 20 லட்சத்தால் வகுத்தால் 12½. மொத்தம் 17½. சரியாக நடுக்கோட்டில் நிற்கிறது! 1956-ல் பிரித்தபோது, 1951 கணக்குப்படி சென்னை மாநிலத்தின் மக்கள்தொகை 3 கோடிக்கு ஒரு நூல் குறைவு. ஆகவே 17. பிறகு ம.பொ.சி. போன்றவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், பட்டாஸ்கர் தீர்ப்பும், 1959-ல் நாடாளுமன்றம் செய்த எல்லை மாற்றச் சட்டமும் சேர்ந்து திருத்தணியை 1960 ஏப்ரல் 1-ல் நம்மிடம் கொண்டு வந்து சேர்த்தன. இன்றைய எல்லைக்குள் 1951 மக்கள்தொகையைப் பார்த்தால் 3,01,19,047. சூத்திரத்தில் போட்டால் 17.56. முழு எண்ணாக்கினால் 18.

எல்லை மாற்றச் சட்டமே 17 என்பதை 18 என்று திருத்தியது. காரணம் இந்த அரைக்கணக்கு தான் என்பது நான் பென்சிலால் போட்டுப் பார்த்துச் சொல்வது. ஆனால் விடை அவ்வளவு அழகாகப் பொருந்தும்போது நம்பாமல் இருக்க முடியவில்லை. திருத்தணிக்குப் போகிறவர்கள் மலைப்படி ஏறும்போது, நம் பதினெட்டாவது எம்.பி. சீட்டும் இங்கிருந்து தான் வந்தது என்று நினைத்துக் கொள்ளலாம். அதற்குப் பிறகு இந்த எண் மாறவே இல்லை.

முப்பத்து நான்கின் மகிமை

இந்தப் பதினெட்டும் ஒரே சமயத்தில் காலியாவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஆறு ஆண்டு. மூன்றில் ஒரு பங்கு முறை வைத்து ஓய்வு பெறும். அதனால் தான் மக்களவை போல இதைக் கலைக்க முடியாது. 1952-ல் எல்லோரும் ஒன்றாக உள்ளே போனார்களே, முதலில் யார் வெளியே வருவது? சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள்! சிலருக்கு இரண்டு ஆண்டு, சிலருக்கு நான்கு, சிலருக்கு முழு ஆறு.

ஆறு இடத்துக்குத் தேர்தல் என்றால் ஓட்டு எப்படி எண்ணுவது? ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப எண் போடுகிறார். ஒவ்வொரு செல்லுபடியான ஓட்டுக்கும் மதிப்பு 100 புள்ளி. 234 பேரும் போட்டால் 23,400. காலியிடம் ஆறு. அதோடு ஒன்று கூட்டி ஏழால் வகுக்க வேண்டும். வருவது 3342, மீதியை விட்டுவிடலாம். அதோடு ஒன்று கூட்டினால் 3343. இது தான் கோட்டா. 33 ஓட்டு என்றால் 3300, போதாது. 34 என்றால் 3400, தாண்டி விட்டது. தாண்டிய 57 புள்ளி வீணாவதில்லை. அந்த ஓட்டுச் சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கோ அவருக்கு நகரும்.

ஏன் ஆறால் வகுக்காமல் ஏழால் வகுக்கிறார்கள் என்று சிவில் நண்பர் ஒருவர் கேட்டார். ஆறு பேர் தலா 34 வாங்கினால் 204 ஓட்டு போய்விடும். மீதி 30. ஏழாவது ஆள் எப்படிக் குட்டிக்கரணம் போட்டாலும் 34-ஐத் தொட முடியாது. ஆறு பேருக்கு மேல் யாரும் தாண்ட முடியாத மிகச் சிறிய எண் எதுவோ அது தான் கோட்டா. அளவு எடுத்து வெட்டிய மாதிரி!

இந்த 34-ஐ வைத்துக் கொண்டு பழைய செய்திகளைப் படித்தால் பல விஷயங்கள் விளங்கும். 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அணிக்கு 159, அ.தி.மு.க. அணிக்கு 75. முப்பத்து நான்கால் வகுத்தால் அந்தப் பக்கம் நான்கு, இந்தப் பக்கம் இரண்டு. 2022-ல் அப்படியே நான்கும் இரண்டுமாகப் போட்டியின்றி வந்தார்கள். எல்லோரும் கணக்குப் போட்டு விட்டார்கள், அதனால் தேர்தல் நடக்கவில்லை. மெஸ்ஸில் நண்பன் கேட்டதற்கு இது தான் பதில். ஓட்டுப் போடவில்லை என்பதல்ல, ஓட்டு முன்பே, 2021-லேயே, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாக்குச் சாவடியில் விழுந்து விட்டது.

கணக்கு இழுபறியானால் என்ன ஆகும் என்பதற்கு 2013 ஜூன் தேர்தல் உதாரணம். ஆறு இடத்துக்கு ஏழு பேர் நின்றார்கள். தி.மு.க.வின் கனிமொழிக்குக் கிடைத்தது 31. கோட்டாவைத் தொடாமலே ஜெயித்தார். எப்படி? மற்ற ஐந்து இடம் நிரம்பிய பிறகு எஞ்சியவர் இருவர். அதில் குறைவாக வாங்கியவர் வெளியேற்றப்பட்டால் மீதி இருப்பவர் தானே எம்.பி.!

பழைய காலத்துக்கும் இதைப் போட்டுப் பார்த்தேன். 1957-ல் தி.மு.க.வுக்கு 15 எம்.எல்.ஏ.க்கள். 205 பேர் கொண்ட சபையில் அதை வைத்து ஒருவரையும் சொந்த பலத்தில் அனுப்ப முடியாது. 1962-ல் 206-ல் 50 பேர். ஆறு இடத்துக்குக் கோட்டா 30 ஓட்டு. ஒருவரை அனுப்பலாம். அந்த ஒருவர் யார்? அதே தேர்தலில் காஞ்சிபுரத்தில் தோற்றுப் போயிருந்த அறிஞர் அண்ணா. 1962 மே 1-ல் மாநிலங்களவையில் தன் முதல் உரையிலேயே திராவிட நாடு கோரிக்கையை ஆங்கிலத்தில் எடுத்து வைத்தார். சபையில் பெரும்பாலோருக்கு அந்தக் கருத்து கசந்தது; ஆனால் கேட்டார்கள். 1963 ஜனவரியில் பிரிவினைப் பேச்சைத் தடுக்கும் 16-ஆவது திருத்தம் வந்தபோது அதை எதிர்த்தும் அங்கே தான் பேசினார். அதே ஆண்டில் தி.மு.க. அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. கொள்கை சரியா தவறா என்பதை அவரவர் முடிவு செய்து கொள்ளலாம். சொந்த ஊரில் தோற்ற ஒருவர், ஐம்பது எம்.எல்.ஏ.க்கள் இருந்ததால் நாட்டின் சபையில் நின்று பேச முடிந்தது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

அதன் பிறகு வந்தவர்கள் பலர். முரசொலி மாறன், மூப்பனார், வைகோ ஆகியோர் நீண்ட காலம் இருந்தார்கள். 1984 முதல் 1989 வரை ஜெயலலிதா இருந்தார். அதற்கு வெகு முன்பே, 1954-ல், கம்யூனிஸ்ட் கட்சியின் பார்வதி கிருஷ்ணன் போயிருக்கிறார். ஆர்.கே. நாராயணனையும் இளையராஜாவையும் இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அவர்கள் நியமன உறுப்பினர்கள், நம் பதினெட்டில் வர மாட்டார்கள். (இருந்தாலும் ஆர்.கே. நாராயணன் அங்கே பேசியது பள்ளிப் பிள்ளைகள் சுமக்கும் புத்தகப் பையின் பாரத்தைப் பற்றி என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.)

இன்னொரு மாற்றமும் வந்தது. முன்பு அந்தந்த மாநிலத்தில் வாக்காளராகப் பதிவு பெற்றவர் தான் அந்த மாநிலத்தின் பிரதிநிதி ஆக முடியும். 2003-ல் சட்டத்தைத் திருத்தி, இந்தியாவில் எங்கே வாக்காளராக இருந்தாலும் போதும் என்றார்கள். 2006-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக் கொண்டது. ப. சிதம்பரம் 2016-ல் மகாராஷ்டிரத்திலிருந்து போனார், 2022-ல் தமிழ்நாட்டிலிருந்து. மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் முதலில் ஆந்திரம், பிறகு கர்நாடகம். எல். முருகன் 2021-ல் மத்தியப் பிரதேசம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. மாநிலங்களவை என்று பெயர் வைத்துவிட்டு, மாநிலத்தோடு இருக்கும் கயிற்றை அவிழ்த்து விட்டால் பெயருக்கு என்ன பொருள்? வகுப்புப் பிரதிநிதியை அடுத்த டிபார்ட்மெண்டிலிருந்து கொண்டு வந்தால் நாம் சும்மா இருப்போமா?

மூன்று தேதிகளின் கதை

இப்போது நண்பனின் கேள்விக்கு வருகிறேன். ஏப்ரல் 2, ஜூன் 29, ஜூலை 24.

முதலில் எல்லாமே ஏப்ரல் தான். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, இரட்டைப் படை ஆண்டில், ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு குழு இறங்கும், புதுக் குழு ஏறும். அப்படி 1976 ஏப்ரலில் ஒரு குழு இறங்க வேண்டும். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பு, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டு அரசு நீக்கப்பட்டுச் சட்டமன்றம் கலைக்கப்பட்டது. எம்.எல்.ஏ.வே இல்லை என்றால் ஓட்டுப் போடுவது யார்? பழையவர்கள் ஓய்வு பெற்றார்கள். புதியவர்கள் வரவில்லை. 1977 ஜூனில் சட்டமன்றத் தேர்தல் நடந்து, ஜூலையில் தான் அந்த ஆறு இடங்களும் நிரம்பின. பதினைந்து மாதத்துக்கு மேல் காலி!

உறுப்பினரின் ஆறு ஆண்டு, அவர் தேர்வான அறிவிப்பு வெளியான நாளிலிருந்து தொடங்கும் என்கிறது சட்டம். போன மாதங்களைக் கழிக்க மாட்டார்கள். ஆகவே அந்தக் குழு அன்றிலிருந்து ஒற்றைப்படை ஆண்டின் ஜூலைக்கு மாறிவிட்டது. 1977, 1983, 1989 என்று எண்ணிக் கொண்டே வாருங்கள். 2013, 2019, 2025-ல் வந்து நிற்கும். மெஸ்ஸில் பார்த்த ஜூலை 24 அது தான்.

1978 ஏப்ரல் குழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் வாரிசு தான் 2020-ன் ஏப்ரல் 2. அடுத்தது 1980 ஏப்ரல். அந்த ஆண்டு பிப்ரவரி 17-ல் எம்.ஜி.ஆர். அரசு நீக்கப்பட்டுச் சட்டமன்றம் மறுபடி கலைக்கப்பட்டது! மே மாதம் தேர்தல். ஜூன் கடைசியில் தான் மாநிலங்களவைக்கு ஆள் போக முடிந்தது. 2016, 2022 என்று வரும் ஜூன் 29 இந்தக் குழுவின் தேதி.

1988-லும் 1991-லும் கூட இங்கே ஜனாதிபதி ஆட்சி இருந்தது. ஆனால் அந்த மாதங்களில் எந்தக் குழுவும் ஓய்வு பெற வேண்டியிருக்கவில்லை. அதனால் நான்காவது, ஐந்தாவது தேதிகள் உண்டாகவில்லை. உடைந்த எலும்பு கூடினாலும் எக்ஸ்ரேயில் கோடு தெரியும் என்பார்கள். அப்படி ஏப்ரலை விட்டு விலகிய இந்த இரண்டு தேதிகளும், இரண்டு கட்சிகளின் அரசுகள் கலைக்கப்பட்டதன் தழும்புகள்.

தேதி தானே, அதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அந்தப் பதினைந்து மாதத்துக்குள் என்ன நடந்தது என்று பார்த்தால் நஷ்டம் தெரியும். 1976 நவம்பர் 11 அன்று மாநிலங்களவை 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. அதுவரை மாநிலப் பட்டியலில் இருந்த கல்வி, அந்தத் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குப் போனது. பொதுப் பட்டியலின் 25-ஆவது இனத்தை எடுத்துப் படியுங்கள்: தொழில்நுட்பக் கல்வியும் மருத்துவக் கல்வியும் பல்கலைக்கழகங்களும் உட்பட்ட கல்வி. தொழில்நுட்பக் கல்வி என்றால் வேறு யாருமல்ல, டிப்ளமா படிக்கிற நாம் தான். அதற்குப் பிறகு 1987-ல் ஏ.ஐ.சி.டி.இ.க்குச் சட்ட அதிகாரம் வந்தது. நமக்குப் பரீட்சை நடத்துவது சென்னையில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். நம் பாலிடெக்னிக்குகளுக்கு அங்கீகாரம் தருவது டெல்லி.

அந்த ஓட்டெடுப்பின்போது நம் பதினெட்டில் ஆறு நாற்காலி காலி. அந்தத் திருத்தத்துக்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் தேவைப்பட்டது. மற்ற மாநிலங்கள் சரி என்றோ இல்லை என்றோ சொல்ல முடிந்தது. நம்மிடம் சொல்வதற்குச் சட்டமன்றமே இல்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆறு பேர் இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. அன்றைய ஆளும் கட்சிக்கு அத்தனை பலம் இருந்தது. கல்வி பொதுப் பட்டியலில் இருப்பது தான் நல்லது என்று வாதாடுகிறவர்களும் நம் ஆசிரியர்களிலேயே உண்டு. ஆனால் தன் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி முடிவெடுக்கும் நாளில் ஒரு மாநிலத்தின் மூன்றில் ஒரு பங்குக் குரல் அந்தச் சபையில் இல்லாமல் போனது சரி என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆறு ஓட்டு என்ன பெரிய விஷயம் என்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 1970 செப்டம்பரில் மன்னர் மானிய ஒழிப்புக்கான திருத்தம் மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149. எதிர்ப்பு 75. மொத்தம் 224. தேவை மூன்றில் இரண்டு பங்கு. 224-ஐ மூன்றால் வகுத்து இரண்டால் பெருக்குங்கள், 149.33 வரும். ஒரு ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததால் திருத்தம் தோற்றது! மன்னர் மானியத்தை ஒழிக்க 1971-ல் 26-ஆவது திருத்தம் வர வேண்டியிருந்தது.

எலக்ட்ரிக்கல் நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப 2028 ஜூன் 29-க்கு நான் பேப்பர் பார்த்துக்கறேன்" என்றான். 2022-ல் போனவர்கள் இறங்கும் நாள் அது. அதுவரை அவனுக்கும் உங்களுக்கும் ஒரு கணக்கு விட்டு வைக்கிறேன். 234 எம்.எல்.ஏ.க்களில் மூன்று பேர் ஓட்டுப் போட வரவில்லை. செல்லும் ஓட்டு 231. காலியிடம் ஆறு. ஒரு வேட்பாளரிடம் 33 ஓட்டு இருக்கிறது. அவர் கோட்டாவைத் தொட்டு விட்டாரா, இல்லையா? விடை கண்டவர்கள் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு வந்து என்னிடம் சொல்லலாம். 231 ஏழால் மீதியில்லாமல் வகுபடும். அவசரப்பட்டு விடாதீர்கள்!